நெய்வேலி: டவுன்ஷிப்புக்குள்ள நிழல்... வெளியே நிலம் எப்போ பச்சையாகும்?

விக்கிரவாண்டியிலிருந்து கும்பகோணம் போகும் சாலையில் பண்ருட்டியைத் தாண்டினால் முந்திரித் தோப்பும் பலா மரமுமாக வரும். கொஞ்ச தூரத்தில் நெய்வேலி ஆர்ச் கேட். உள்ளே திரும்பினால் வேறொரு ஊர். அகலமான நேர் சாலைகள், இருபக்கமும் நிழல் தரும் மரங்கள், எண் போட்ட பிளாக்குகள், வீட்டுக்கு முன்னால் தோட்டம், ரவுண்டானாவில் பூச்செடி. தமிழ்நாட்டின் அழகான தொழில் நகரம் எது என்று கேட்டால் பலரும் முதலில் சொல்வது நெய்வேலியைத்தான்.

அதே ஊரிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளிப் போனால் வானத்தை மறைத்துக்கொண்டு ஒரு மலை நிற்கும். அது மலை இல்லை. சுரங்கத்திலிருந்து எடுத்துக் கொட்டிய மண்.

இந்த இரண்டு காட்சிக்கும் சொந்தக்காரர் ஒருவரே: மத்திய அரசின் என்எல்சி இந்தியா நிறுவனம். மரம் நடும் விழா, சூழல் பூங்கா, சாலையோரப் பசுமை என்று ஆண்டுதோறும் செய்திகள் வருகின்றன. மறுபக்கம், நிலம் கொடுத்த கிராமங்களில் போராட்டம் ஓய்ந்தபாடில்லை. அப்படியென்றால் நெய்வேலியின் பசுமை உண்மையா, வெறும் அலங்காரமா? விரிவாகப் பார்க்கலாம்.

நெய்வேலி எப்படி இவ்வளவு பச்சையாச்சு?

1930-களில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பும் பழுப்புமாக ஒரு பொருள் வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. பல ஆண்டு ஆய்வுகளுக்குப் பிறகு, 1956 நவம்பரில் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டது. 1957 மே மாதம் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961-ல் நிலக்கரி கண்ணில் பட்டது. 1962-ல் சோவியத் உதவியுடன் கட்டிய அனல் மின் நிலையத்தில் மின் உற்பத்தி தொடங்கியது.

வேலைக்கு வருகிறவர்கள் தங்க ஊர் வேண்டும். அதனால் காகிதத்தில் திட்டம் போட்டு, பிளாக் பிளாக்காகக் கட்டிய நகரம்தான் இன்றைய டவுன்ஷிப். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கே சுமார் 1 லட்சம் பேர் வசித்தார்கள்.

மற்ற ஊர்களில் ஒரு சாலையோர மரத்தைக் காப்பாற்றவே நெடுஞ்சாலைத் துறை, மின்வாரியம், நகராட்சி என மூன்று பக்கமும் அலைய வேண்டும். நெய்வேலியில் அந்தப் பிரச்னை இல்லை. நிலம், சாலை, தண்ணீர்க் குழாய், தோட்டப் பிரிவு எல்லாம் ஒரே நிறுவனத்தின் கையில். பட்ஜெட்டும் உண்டு.

தண்ணீருக்கும் குறையில்லை. இங்கே நிலக்கரிப் படுகைக்குக் கீழே கடும் அழுத்தத்தில் நிலத்தடி நீர் இருக்கிறது. அதை இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால், சுரங்கத்தின் அடித்தளத்தையே பிளந்துகொண்டு தண்ணீர் மேலே வந்துவிடும். அதனால் ராத்திரி பகலாகப் பம்புகள் ஓட வேண்டும். ஒரே நிர்வாகம், கையில் பணம், ஓயாத தண்ணீர். டவுன்ஷிப்பின் நிழலுக்குப் பின்னால் இருப்பது இந்த மூன்றும்தான்.

ஒரே ராத்திரியில் போன நிழல்

2011 டிசம்பர் 30 அதிகாலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது தானே புயல். மாவட்டம் முழுக்க பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. டவுன்ஷிப்பிலும் பல ஆண்டு வளர்ந்த மரங்கள் சாலைகளை அடைத்துக்கொண்டு விழுந்தன.

அந்தப் புயல் ஒரு பாடம் சொன்னது. சீக்கிரம் வளர்ந்து அகலமாக நிழல் தரும் வெளிநாட்டு மர வகைகள் பல, பலத்த காற்றில் எளிதாக முறிகின்றன. 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது சென்னையும் இதே பாடத்தைப் படித்தது. வேம்பு, புங்கன், பூவரசு, மகிழம், நாவல் போன்ற நம்ம ஊர் மரங்கள் வளரக் கொஞ்சம் நாளாகும்; ஆனால் நின்று தாங்கும்.

டவுன்ஷிப்பில் மறுபடி மரம் நட்டார்கள். நிழல் திரும்ப வந்தது. வெளியே பலாத் தோப்பை இழந்த விவசாயிக்கு அப்படி இல்லை. ஒரு பலா மரம் காய்ப்புக்கு வரவே பல ஆண்டு ஆகும்; அதுவரை வருமானத்துக்கு வேறு வழி தேட வேண்டும். ஒரே புயல், ஒரே மண். மீண்டு எழும் வசதி மட்டும் ஒன்றாக இல்லை.

பசுமைன்னா மூணு வகை... ஒண்ணா சேர்த்துப் பேசக்கூடாது

நெய்வேலி பற்றிய விவாதத்தில் குழப்பம் வருவது இங்கேதான். "இத்தனை மரம் நட்டோம்" என்று ஒரு எண்ணிக்கை வரும்போது, மூன்று வேறு விஷயங்கள் அதில் கலந்துவிடுகின்றன.

1. நகரப் பசுமை: டவுன்ஷிப் சாலைகள், பூங்காக்கள், அலுவலக வளாகங்கள். இது அழகுக்கும் நிழலுக்கும். பயன் முக்கியமாக அங்கே வசிப்பவர்களுக்கு.

2. பசுமை வளையம்: அனல் மின் நிலையம், சுரங்க எல்லை, நிலக்கரி போகும் பாதை ஆகியவற்றைச் சுற்றி நடும் மர வரிசை. இது நிறுவனத்தின் விருப்பம் இல்லை. சுற்றுச்சூழல் அனுமதி கொடுக்கும்போதே விதிக்கும் நிபந்தனை. பொதுவாகத் திட்டப் பரப்பில் மூன்றில் ஒரு பங்கு பசுமையாக இருக்க வேண்டும் என்று கேட்பார்கள்.

3. மீட்ட நிலம்: நிலக்கரியை எடுத்து முடித்த குழியை மண் போட்டு மூடி, அதன் மேல் உருவாக்கும் காடோ வயலோ.

முதல் வகையில் நெய்வேலி பாஸ். இரண்டாவது, மூன்றாவது வகையில்தான் கேள்விகள் இருக்கின்றன.

மரம் நட்டா புகை நிக்குமா?

முழுசா நிற்காது. இலைகள் தூசியைப் பிடிக்கும். உயரமான மரம், நடுத்தர மரம், புதர் என அடுக்கடுக்காக நட்டால் நிலக்கரித் தூசியும் சாம்பலும் பரவுவது குறையும். இரைச்சல் கொஞ்சம் குறையும், வெயிலும் தணியும். ரவுண்டானாவில் கத்தரித்து வைத்த அழகுச் செடி இந்த வேலையைச் செய்யாது. அடர்த்தியான, பல அடுக்கு மர வரிசைதான் செய்யும்.

ஆனால் உயரமான புகைபோக்கியிலிருந்து போகும் கந்தக டை ஆக்சைடை மர வரிசை தடுக்க முடியாது. அதற்குத் தனிக் கருவி வேண்டும். அனல் மின் நிலையங்கள் இந்த வாயுவைக் குறைக்க வேண்டும் என்று 2015 டிசம்பரில் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. கெடு திரும்பத் திரும்பத் தள்ளிப்போனது. 2025 ஜூலையில் நாட்டின் பெரும்பாலான அனல் மின் நிலையங்களுக்கு இதில் விலக்கும் கொடுக்கப்பட்டது.

தண்ணீர் விஷயமும் இப்படித்தான். 2023 ஆகஸ்டில் பூவுலகின் நண்பர்கள், மந்தன் அத்யயன் கேந்திரா ஆகிய அமைப்புகள் என்எல்சியைச் சுற்றியுள்ள கிராமங்களில் மண், நீர் மாதிரிகளை எடுத்து ஒரு அறிக்கை வெளியிட்டன. பல இடங்களில் பாதரசம் உள்ளிட்ட மாசுகள் அனுமதித்த அளவைத் தாண்டியிருப்பதாக அதில் சொல்லப்பட்டது. தேசிய பசுமைத் தீர்ப்பாயமும் இதைக் கையில் எடுத்தது. எவ்வளவு மரம் நட்டாலும் கிணற்றுத் தண்ணீரைப் பற்றிய கேள்விக்கு அது பதில் ஆகாது.

குழியை மூடினா நிலம் திரும்புமா?

நெய்வேலியில் ஒரு டன் நிலக்கரி எடுக்க சுமார் 5 முதல் 6 கன மீட்டர் மண்ணை அகற்ற வேண்டும். நம்ம ஊர் கணக்கில் சொன்னால், ஏறக்குறைய 2 யூனிட் மண். சுரங்கம் 1, 1-ஏ, 2 என மூன்று திறந்தவெளிச் சுரங்கங்கள் இங்கே உள்ளன. ராட்சதச் சக்கரத்தில் வாளிகள் கட்டிய பக்கெட் வீல் இயந்திரங்கள் வருஷம் முழுக்கத் தோண்டிக்கொண்டே இருக்கின்றன. சுரங்கம் முன்னால் நகர நகர, எடுத்த மண்ணைப் பின்னால் உள்ள பழைய குழியில் கொட்டுகிறார்கள்.

பிரச்னை மண்ணின் வரிசையில் இருக்கிறது. விளைச்சல் தருவது மேலே இருக்கும் மேல்மண் மட்டும்தான். நுண்ணுயிர், மட்கு, சத்து எல்லாம் அதில்தான். அதற்குக் கீழே மணற்கல்லும் களிமண்ணும். தோண்டிக் கொட்டும்போது மேலே இருந்தது கீழேயும், கீழே இருந்தது மேலேயும் போய்விட்டால், அந்த மண்ணில் சீமைக்கருவேலம் முளைக்கும், நெல் விளையாது.

இதைச் சரிசெய்ய வழிகள் இல்லாமல் இல்லை. மேல்மண்ணைத் தனியாக எடுத்துச் சேமித்து, கடைசியில் மேலே பரப்பலாம். தொழு உரம், பசுந்தாள் உரம், பழுப்பு நிலக்கரியிலிருந்தே எடுக்கும் ஹியூமிக் அமிலம் ஆகியவற்றைப் போட்டு மண்ணைத் தேற்றலாம். நெய்வேலியில் மீட்ட நிலத்தில் மரக்காடு வளர்த்திருக்கிறார்கள், பயிர் செய்தும் காட்டியிருக்கிறார்கள். குளத்துடன் சூழல் பூங்காவும் அமைத்திருக்கிறார்கள். அங்கே பறவைகள் வருகின்றன, மக்களும் வந்து பார்க்கிறார்கள். ஆக, தொழில்நுட்பம் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

இதற்குப் பணம் ஒதுக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. 2009-ல் மத்திய நிலக்கரி அமைச்சகம் சுரங்க மூடல் வழிகாட்டுதல்களை வெளியிட்டது. அதன்படி, நிலத்தைச் சீரமைப்பதற்கான தொகையை நிறுவனம் ஆண்டுதோறும் எஸ்க்ரோ எனப்படும் தனிக் கணக்கில் போட்டுவர வேண்டும். திறந்தவெளிச் சுரங்கத்துக்கு அன்று வைத்த அளவு ஹெக்டேருக்கு 6 லட்சம் ரூபாய். ஏக்கர் கணக்கில் சுமார் 2.4 லட்சம். பின்னர் இந்த அளவு உயர்த்தப்பட்டது. வேலை நடந்ததைக் காட்டினால்தான் அந்தப் பணத்தை நிறுவனம் திரும்ப எடுக்க முடியும்.

வளையமாதேவியில் என்ன நடந்தது?

நிலம் பற்றிய கோபம் எவ்வளவு ஆழமானது என்பதை 2023 ஜூலை 26 காட்டியது. சுரங்கம் 2-ன் விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றை வேறு பாதையில் திருப்ப வேண்டியிருந்தது. 12 கிலோமீட்டர் கால்வாயில் 10.5 கிலோமீட்டர் வேலை முடிந்துவிட்டது. மீதி 1.5 கிலோமீட்டர் வளையமாதேவி பகுதியில். அங்கே கதிர் பிடிக்கும் நேரத்தில் இருந்த நெல் வயலுக்குள் ஜேசிபி, பொக்லைன் இயந்திரங்கள் இறங்கின.

அந்த வீடியோ மாநிலம் முழுக்கப் பரவியது. அறுவடைக்கு இரண்டு மாதம் காத்திருக்க முடியாதா என்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி எம்.தண்டபாணி கேட்டார், பயிர் அழிக்கப்படுவதைப் பார்த்துக் கண்ணீர் வந்ததாகவும் சொன்னார். ஜூலை 28 அன்று நெய்வேலியில் பாமக தலைவர் அன்புமணி ராமதாஸ் தலைமையில் நடந்த போராட்டம் மோதலில் முடிந்தது. கல்வீச்சு, கண்ணீர்ப்புகை, வானத்தை நோக்கித் துப்பாக்கிச் சூடு. இத்தனையும் நடந்தது, அந்த அழகான டவுன்ஷிப்பின் வாசலில்.

இரு தரப்பும் என்ன சொல்றாங்க?

நிறுவனத்தின் வாதம்: அந்த நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது, இழப்பீடும் கொடுக்கப்பட்டது. பயிர் செய்ய வேண்டாம் என்று முன்பே சொல்லியும் விதைத்தார்கள். கால்வாய் இல்லாவிட்டால் மழைக் காலத்தில் வெள்ளம் சுரங்கத்துக்குள் வரும். நிலக்கரி நின்றால் மின் உற்பத்தி நின்றுவிடும்.

கிராமத்தின் வாதம்: அன்று கொடுத்த விலை இன்றைய விலை இல்லை. நிலம் கொடுத்த குடும்பத்துக்கு நிரந்தர வேலை என்ற எதிர்பார்ப்பு பெரும்பாலும் ஒப்பந்த வேலையாகச் சுருங்கிவிட்டது. நிலத்தடி நீர்மட்டம் இறங்கி, அடுத்த வயலில் போரையும் ஆழப்படுத்த வேண்டியிருக்கிறது. நிலம் போனது போனதுதான், திரும்ப வந்ததைப் பார்த்தவர்கள் யார்?

இந்தக் கடைசிக் கேள்விதான் பசுமை விவாதத்தின் மையம். சுரங்கத்திலிருந்து இறைக்கும் தண்ணீர் பரவனாறு வழியாக வாலாஜா ஏரி, பெருமாள் ஏரிக்குப் போய்ப் பாசனத்துக்கு உதவுகிறது என்பது உண்மை. தூர்ந்து கிடந்த வாலாஜா ஏரி, மாவட்ட நிர்வாகமும் என்எல்சி நிதியும் சேர்ந்து தூர் வாரப்பட்டதும் உண்மை. வேலிக்கு வெளியே செலவு செய்தால் ஊருக்கே பலன் கிடைக்கும் என்பதற்கு அது நல்ல உதாரணம். ஆனால் ஏரியில் தண்ணீர் வந்தாலும், கையகப்படுத்திய வயல் வயலாகத் திரும்புமா என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

ஜெர்மனியில் எப்படி செய்றாங்க?

பழுப்பு நிலக்கரிக்கு உலகில் பேர் போன நாடு ஜெர்மனி. நெய்வேலியில் ஓடும் பக்கெட் வீல் தொழில்நுட்பத்தின் தாயகமும் அதுதான். அங்கே ரைன் பகுதிச் சுரங்கங்களில் வளமான வண்டல் மண்ணைத் தனியாக எடுத்து வைக்கிறார்கள். குழியை மூடிய பிறகு சுமார் 2 மீட்டர் உயரத்துக்கு அதை மேலே பரப்புகிறார்கள். முதலில் குதிரைமசால் என்ற தீவனப் பயிரைப் போட்டு மண்ணைத் தேற்றுகிறார்கள். 7 ஆண்டுகள் வரை நிறுவனமே அதில் விவசாயம் செய்து, விளையும் என்று உறுதியான பிறகுதான் விவசாயிகளிடம் ஒப்படைக்கிறது.

கிழக்கு ஜெர்மனியில் வேறு வழி. லுசேஷியா பகுதியில் பழைய குழிகளில் தண்ணீர் நிரப்பி ஏரிகளாக்கி, சுற்றுலாத் தலமாக மாற்றினார்கள். பார்க்க அழகு. ஆனால் அங்கேயும் எல்லாம் சுபம் இல்லை. 2009 ஜூலையில் நாக்டெர்ஸ்டெட் என்ற ஊரில், பழைய சுரங்க ஏரியின் கரை சரிந்து வீடுகள் உள்ளே போயின. 3 பேர் இறந்தார்கள். கிழக்குப் பகுதிச் சுரங்கங்களைச் சீரமைக்க இதுவரை 1,000 கோடி யூரோவுக்கும் மேல் செலவாகியிருக்கிறது. அது அரசுப் பணம், அதாவது மக்களின் வரிப்பணம்.

சுரங்கம் ஓடி லாபம் வரும்போதே சீரமைப்புக்குப் பணம் எடுத்து வைக்காவிட்டால், பின்னால் அந்தச் செலவு பொதுமக்கள் தலையில் விழும். எஸ்க்ரோ கணக்கு நெய்வேலிக்கு ஏன் முக்கியம் என்பது இப்போது புரியும்.

சரி, இனிமே எதைப் பார்க்கணும்?

டவுன்ஷிப்பின் அழகைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. தமிழ்நாட்டின் பல தொழிற்பேட்டைகளில் ஒரு மரநிழல்கூடக் கிடையாது. நெய்வேலியை அவை பார்த்துக் கற்கலாம். ஆனால் அந்தப் பூங்காவை வைத்து முழு நெய்வேலிக்கும் மார்க் போட முடியாது. அடுத்த முறை பசுமை பற்றிய அறிவிப்பு வந்தால் இந்த நான்கையும் கேளுங்கள்:

- நட்டது எத்தனை என்பதைவிட, 3 ஆண்டுக்குப் பிறகு உயிரோடு இருப்பது எத்தனை?
- அதில் டவுன்ஷிப்புக்குள் எவ்வளவு, சுரங்க நிலத்தில் எவ்வளவு, கிராமங்களை ஒட்டி எவ்வளவு?
- மேல்மண் தனியாகச் சேமிக்கப்படுகிறதா?
- மீட்ட நிலத்தில் விவசாயத்துக்குத் தகுதியானது எத்தனை ஏக்கர்? அது யார் கைக்குப் போகும்?

இதைத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. 2006-ம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, அனுமதி பெற்ற திட்டங்கள் ஒவ்வொரு ஆண்டும் ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் நிபந்தனைகளை எப்படி நிறைவேற்றினோம் என்று அறிக்கை தர வேண்டும். அது பொது ஆவணம், யார் வேண்டுமானாலும் கேட்கலாம். பசுமை வளையம், மேல்மண், நீரின் தரம் எல்லாம் அதில் வரும்.

புதிய சுரங்கத்துக்கோ விரிவாக்கத்துக்கோ மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தினால், குறைந்தது 30 நாள் முன்பே அறிவிப்பு வர வேண்டும். கூட்டத்துக்கு மாவட்ட ஆட்சியரோ அவருக்கு அடுத்த நிலை அதிகாரியோ தலைமை வகிப்பார். அங்கே சொல்லும் ஒவ்வொரு கருத்தும் பதிவாக வேண்டும். இழப்பீட்டுத் தொகையோடு சேர்த்து, "எங்க நிலம் எந்த வருஷம், எந்த நிலையில் திரும்பக் கிடைக்கும்?" என்பதையும் அங்கேயே எழுத்தில் கேட்கலாம்.

நெய்வேலியின் முதல் அனல் மின் நிலையம், 58 ஆண்டுகள் ஓடி, 2020-ல் மூடப்பட்டது. சுரங்கங்களுக்கும் ஒரு நாள் அந்த நேரம் வரும். அன்று டவுன்ஷிப் மரங்கள் நிழல் தந்துகொண்டே இருக்கும். வளையமாதேவி, கரிவெட்டி, கத்தாழை போன்ற ஊர்களைச் சுற்றி இருக்கப்போவது வயலா, மண் மேடா என்பது இன்று மேல்மண்ணை எங்கே கொட்டுகிறார்கள் என்பதில் இருக்கிறது.